டாக்டரும் இல்லை, கடைக்காரரும் இல்லை
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

"நீங்க டாக்டரா, மெடிக்கல் ஷாப்காரரா?" என்று லிஃப்டில் பலர் கேட்கிறீர்கள். இரண்டும் இல்லை. நான் படித்தது ஃபார்ம்.டி. நம் நாட்டில் 2008-இல் வந்த ஆறு வருடப் படிப்பு. கடைசி வருடம் முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி. மாநில பார்மசி கவுன்சிலில் பதிவும் உண்டு. நோயைக் கண்டறிவது என் வேலையல்ல. எழுதிய மருந்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, அளவு சரியா என்று பார்த்து டாக்டரிடம் சொல்வதுதான் என் வேலை.

என் அம்மாவுக்கே கால் வீங்கியது. மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். இரண்டு டாக்டர்கள் எழுதிய இரண்டு பிராண்டுகள். இரண்டிலும் இருந்தது ஒரே அம்லோடிபின். பிரஷர் மாத்திரை தினமும் இரட்டிப்பாகப் போயிருக்கிறது! டாக்டரிடம் காட்டி ஒன்றை நிறுத்தினோம். வீக்கம் வடிந்தது.

ஆகவே, அட்டையில் பிராண்டை மட்டும் பார்க்காமல் மருந்தின் பெயரையும் படியுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மாத்திரைகளையும் கையோடு கொண்டு போங்கள். கடையில் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் யார் என்று கேளுங்கள். அதில் கூச்சம் வேண்டாம். சந்தேகம் வந்தாலும் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். முதலில் டாக்டரைக் கேளுங்கள்.