என்பு காட்டுவது மூப்பே; அகவை அன்று



அகழ்வோர் ஓர் என்புக்கூட்டைக் கண்டெடுக்கின்றனர். “இவர் முப்பத்தைந்து அகவையில் இறந்தவர்” என்று எழுதி வைக்கின்றனர். படிப்போர் நம்புகின்றனர். அவ்வெண் எவ்வாறு கிட்டியது என்று வினவுவார் சிலரே.

வளரும் பருவத்தாரின் அகவையை என்பு நன்றாகவே காட்டும். பல் முளைப்பதற்கும், நீண்ட என்புகளின் முனைகள் தண்டோடு ஒட்டுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. காறையெலும்பின் உள்முனை ஏறத்தாழ முப்பதில் ஒட்டியதும் அவ்வொழுங்கு முடிந்துவிடுகிறது. அதன்பின் எஞ்சும் சான்று தேய்வும் சிதைவுமே.

1920-இல் அமெரிக்காவின் கிளீவுலாந்து நகரில் பணியாற்றிய விங்கேட்டு தாடு என்னும் உடற்கூற்றறிஞர், இடுப்பெலும்பின் இருபாதிகளும் முன்புறம் கூடும் முகத்தை ஆராய்ந்து, அதன் மாற்றங்களைப் பத்துப் படிகளாக வகுத்தார். இளமையில் அம்முகம் உழுத வயல்போல் மேடும் சாலுமாய் இருக்கும். பின்னர் மேடு தணியும், விளிம்பு திரளும், முதுமையில் குழிவிழும். பயனுள்ள வழியே. ஆயினும் உழைப்பும் நோயும் உடலமைப்பும் எல்லார்க்கும் ஒன்றல்ல. ஆகவே தேய்வும் ஒன்றல்ல.

1982-இல் பொக்கே ஆப்பெல், மாசே என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் இருவர் வேறொரு குறையை எடுத்துக்காட்டினர். எந்தத் தொகுப்பை அளவுகோலாகக் கொள்கிறோமோ, அதன் அகவைப் பரவலே விடையிலும் படிந்துவிடும் என்றனர்.

விரைவில் ஒரு தேர்வும் வாய்த்தது. இலண்டனின் இசுபிட்டல்பீல்டுசுக் கிறித்துக் கோயிலின் நிலவறையில் 1984 முதல் 1986 வரை அகழ்ந்தபோது, ஏறத்தாழ ஆயிரம் உடல்கள் கிடைத்தன. அவற்றுள் 380-க்கு மேற்பட்டோரின் பிணப்பேழைத் தகடுகளில் பெயரும் அகவையும் பொறிக்கப்பட்டிருந்தன. என்பைக் கொண்டு கணித்த அகவையைத் தகட்டோடு ஒப்பிட்டனர். நாற்பதுக்குள் இறந்தோர்க்கு அகவை கூட்டப்பட்டிருந்தது; எழுபதைக் கடந்தோர்க்குக் குறைக்கப்பட்டிருந்தது.

இதன் விளைவு சிறிதன்று. எழுபதைக் கண்ட பாட்டி, கணக்கில் ஐம்பதில் இறந்தவளாகிறாள். அவ்வாறே ஊர்தோறும் எழுதினால், முதியோரே இல்லாத பண்டைக்காலம் ஒன்று ஏட்டில் பிறந்துவிடும். பழங்காலத்தில் குழந்தைகள் மிகுதியாக மாண்டது மெய். நரைத்தவரே இலர் என்பது மெய்யன்று.

நம் மொழியில் அகவை வேறு, மூப்பு வேறு. அகவை ஆண்டின் எண்ணிக்கை. மூப்பு உடலின் நிலை. என்பு மூப்பையே காட்டும். அதனால்தான் தேர்ந்த ஆய்வாளர் பல உறுப்புகளை ஒருங்கே நோக்கி, ஒற்றை எண் கூறாது, “இதற்கும் இதற்கும் இடையில்” என்று எல்லை கூறுகின்றனர். அந்த எல்லையை அறியாமை என எள்ளற்க. அதுவே அறிவின் நேர்மை.