பிள்ளைக்குப் பெயர்



மைசூர் மாவட்டத்து ஹுன்சூர் நீதிமன்றத்தில் 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒரு பெயர் சூட்டு விழா நடைபெற்றது. குழந்தைக்கு அப்போது வயது மூன்று. பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற மனைவி, பிறந்த ஆண் குழந்தைக்குத் தானே ஒரு பெயர் வைத்துவிட்டாள். அது கணவனுக்குப் பிடிக்கவில்லை. சனீசுவரனைக் குறிக்கும் பெயர்தான் வேண்டும் என்று அவன் நின்றான். மனைவியையும் குழந்தையையும் அழைத்துச் செல்ல வரவுமில்லை. அவள் ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றம் போனாள். நீதிபதிகள் பேசிப் பார்த்தார்கள். பல பெயர்களை எடுத்துச் சொன்னார்கள். முடிவில், இருவரும் முன்பு கேட்டிராத ஒரு மூன்றாவது பெயரை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். மாலை மாற்றிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

இச்செய்தியைப் படித்தவர் பலரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு காலந்தோறும் பெயர் கூப்பிட்டவன் நான். பெயர் தகராறு எங்கே வந்து விடிகிறது என்பதை நேரில் கண்டிருக்கிறேன்.

தமிழில் மகனுடைய மகனைப் பேரன் என்கிறோம். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. பாட்டனுடைய பெயரைத் தாங்குகிறவன் என்பது பொருள். உறவுக்குப் பெயர் வைத்த முன்னோர், பெயரைக் கொண்டே உறவுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் பாட்டனார் இருவர் அல்லவா? தந்தையின் தந்தை ஒருவர், தாயின் தந்தை ஒருவர். அங்கேதான் சிக்கல். தலைப்பிள்ளை பெரும்பாலும் தாய்வீட்டில் பிறக்கிறது. மருத்துவச் செலவு தாய்வீட்டாருடையது. தொட்டில் கட்டுகிறவர்கள் அவர்கள். பெயர் மட்டும் தந்தை வீட்டாருடையது. மாப்பிள்ளையூரணியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பெயர் சூட்டு வீட்டுக்குப் போய்வரும்போதெல்லாம், ஊரின் பெயரிலேயே மாப்பிள்ளை இருக்கும்போது இங்கே வேறு யார் சொல் செல்லும் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பெண்கள் அந்த வேடிக்கைக்குச் சிரித்ததில்லை.

கடற்கரைப் பரதவரிடையே இந்தத் தகராறு நீண்டு போவதைக் கண்டதில்லை. பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்க சமயம் தழுவிய நாள் முதல் அவர்களுக்குப் புனிதர்களின் பெயர்கள் இருக்கின்றன. சவேரியார் இருக்கிறார், அந்தோணியார் இருக்கிறார், பனிமய மாதாவை நினைந்து தஸ்நேவிஸ் என்று ஆண்பிள்ளைக்கும் பெயரிடுகிறார்கள். அதைக் காட்டிலும் முக்கியம், ஞானஸ்நானத்துக்குக் கோயில் வாயிலில் நிற்பதற்கு முன் பெயர் முடிவாகியிருக்க வேண்டும். கெடு வைத்தால் சண்டை சுருங்குகிறது. உப்பளத்துக் குடும்பங்களில் அப்படிப்பட்ட கெடு இல்லை.

1992-ஆம் ஆண்டு ஜூன் மாதம். நான் அப்போது ஓர் ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியன். உப்பளத் தொழிலாளர் ஒருவர் தம் மகனை முதல் வகுப்பில் சேர்க்க வந்தார். கையில் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. தாய் பெயர் இருந்தது, தகப்பன் பெயர் இருந்தது, பிள்ளையின் பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. "என்ன பெயர்?" என்றேன். சற்றும் தயங்காமல் தம் தந்தையார் பெயரைச் சொன்னார். சுடலைமாடனைக் குறிக்கும் பழைய பெயர். எழுதிக்கொண்டேன். தாயும் உடன் வந்திருந்தாள், கதவருகே நின்றிருந்தாள். அவளை நான் கேட்கவில்லை.

மறுநாள் முதல் பெயர் கூப்பிட்டேன். பதில் இல்லை. மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லாததால் வரவில்லை என்று குறித்தேன். இப்படி நான்கு நாட்கள். ஐந்தாம் நாள் மதிய உணவு வேளையில் ஒரு பெண் வேலியோரம் நின்று, "செந்திலு!" என்று குரல் கொடுத்தாள். என் வகுப்பில் மூன்றாம் வரிசையில், நான்கு நாளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வாய் திறவாமல் உட்கார்ந்திருந்த பையன் அம்பு போல ஓடினான். பிள்ளைக்குக் காது மந்தமோ, புத்தி மந்தமோ என்று கூட நான் நினைத்திருந்தேன். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் குழந்தை உளநூல் படித்தவன்! கண்ணெதிரே இருந்த பிள்ளையை இல்லை என்று நான்கு நாள் எழுதியிருக்கிறேன்.

அந்தத் தாயை அழைத்து விசாரித்தேன். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே சொல்லுகிறேன். "அது எங்க மாமனாரு பேரு சார். அத நான் வாயால சொல்ல முடியுமா? எங்க மாமியாரும் சொல்ல மாட்டாக. அந்தப் பேருதான் வைக்கணும்னு நின்னது அவுகதான், ஆனா புள்ளைய ஐயான்னுதான் கூப்பிடுதாக. அவுக அப்பா ஏலேன்னு கூப்பிடுவாக. அப்போ எம் புள்ளைய அந்தப் பேரு சொல்லி யாரு சார் கூப்பிட?"

கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் பெண்கள் சொல்லலாகாது என்பது அந்தக் குடும்பங்களின் வழக்கம். பெருமைக்கென்று சூட்டப்படும் அந்தப் பெயரை வீட்டில் பாதிப் பேர் உச்சரிக்கவே முடியாது. இதை அன்று வரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அவளுக்கு முதற்பிள்ளை தங்கவில்லை. இரண்டாவதற்குத் திருச்செந்தூர் முருகனிடம் நேர்ந்துகொண்டாள். இன்னும் ஒன்று சொன்னாள்: "முன்னெழுத்து அவுக எழுத்துதானே சார். பேராவது நான் வச்சதா இருக்கட்டுமே."

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. தாயின் பெயரின் முதலெழுத்தையும் பிள்ளை தலைப்பெழுத்தாகக் கொள்ளலாம் என்று பின்னாளில் தமிழ்நாட்டு அரசு ஆணையிட்டது. அன்று எங்கள் பதிவேட்டில் அப்படி எழுதும் பேச்சே இல்லை.

தகப்பனாரையும் வரவழைத்துப் பேசினேன். அவரைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிட வேண்டாம். பாளம் பாளமாக உப்பு வாரியே கால் வெடித்துச் செத்த தகப்பனுக்கு, நிலமில்லை, வீடில்லை, ஒரு படம்கூட இல்லை. "பேரு ஒண்ணுதான் சார் இருக்கு, அதுவும் போயிரக் கூடாது" என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நான் பதிவேட்டில் இருந்த பெயரை அடிக்கவில்லை. வகுப்பில் மட்டும் செந்தில் என்று கூப்பிட்டேன். அது பெரிய சமரசம் என்று எனக்குள் ஒரு திருப்தி. அத்திருப்தி தவறு என்பது பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது.

பையன் வளர்ந்து கப்பல் வேலைக்குப் போக விரும்பினான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பாட்டன் பெயர். தாய் எழுதுவித்த குடும்ப அட்டையில் செந்தில். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது இந்த இரண்டு பேரும் ஒருவர்தாம் என்று அவன் மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு என்று அலைந்தான். ஒரு கப்பல் அவனை விட்டுப் புறப்பட்டுப் போயிற்று. அவன் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பொருந்தும்.

சட்டம் இதில் கடுமையானதன்று. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பிறப்பைத் தெரிவிக்க வேண்டும். பெயர் முடிவாகாவிட்டால் பெயரின்றியே பதிவு செய்யலாம். நம் மாநிலத்தில் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குமேல் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஆனால் 2023-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேரவும், கடவுச்சீட்டு பெறவும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் என்றாகிவிட்டது. வெறுமையாக விட்ட இடத்தைப் பார்த்து, "என்ன பெயர்?" என்று வாய்மொழியாகக் கேட்டு என்னைப் போல் எழுதிக்கொள்ளும் ஆசிரியர் இனி இருக்கமாட்டார்.

கேரளத்தில் இப்படி ஒரு பெண் குழந்தை பெயரில்லாச் சான்றிதழோடு பள்ளி வாயிலில் நின்றது. பிரிந்து வாழ்ந்த பெற்றோர் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். 2023 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றமே பெற்றோர் நிலையில் இருந்து பெயரிட்டது. குழந்தை தாயிடம் வளர்வதால் தாய் சொன்ன பெயர். அதனோடு தந்தையின் பெயரும் சேரும். குழந்தையின் நலம் முதலில், பெற்றோர் விருப்பம் பிறகு என்பது நீதிமன்றத்தின் வழி. அறிவுடைய தீர்ப்பு. ஆயினும் வீட்டில் முடிந்திருக்க வேண்டியது நீதிபதியிடம் போயிற்றே என்று வருந்துகிறேன்.

இரு வீட்டுக்கும் சொந்தமில்லாத பெயரை வைத்த பெரியவர் ஒருவர் எங்கள் தூத்துக்குடியிலேயே இருந்தார். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ. உ. சிதம்பரனார்தாம். 1908-இல் தண்டனை பெற்றதோடு வக்கீல் சன்னதையும் இழந்தார். அது திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றிக்காகத் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளையராட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர் வைத்த பெயர் அது! அந்த வீட்டிலும் பாட்டனார்கள் இருந்திருப்பார்கள் அல்லவா?

செந்தில் 2016-இல் என் வீட்டுக்கு வந்தான். மனைவியும் கைக்குழந்தையும் உடன் வந்தார்கள். ஆண் குழந்தை, எட்டு மாதம். சான்றிதழில் பெயர் எழுதும் இடம் வெறுமையாகவே இருந்தது. தகப்பனார் இப்போது காலமாகிவிட்டார். அவர் பெயரை வைக்க வேண்டும் என்று தாய் சொல்லுகிறாளாம்! முப்பது ஆண்டுக்கு முன் மாமனார் பெயர் வேண்டாம் என்று நின்ற அதே தாய். மருமகளுக்கு விருப்பமில்லை. "சார் ஒரு பேரு சொல்லுங்க" என்றான். நான் சொல்லவில்லை. ஒருமுறை பதிவேட்டில் எழுதியது போதும். அந்தப் பெண்ணைப் பார்த்து ஒன்று மட்டும் கேட்டேன்: "ஏம்மா, தெருவில் விளையாடும் பிள்ளையை எந்தப் பெயர் சொல்லி நீ உரக்கக் கூப்பிடுவாய்?" அவள் மாமியாரை நினைத்தோ என்னவோ சற்றுத் தயங்கினாள். பிறகு கணவன் முன்னாலேயே சொன்னாள். கட்டணமில்லாக் கெடு முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது என்பதை நினைவூட்டி, அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் சொல்லி அனுப்பினேன்.