சிற்றாற்றின் வழியே ஒரு பாடம்

(தென்காசிப் பகுதி ஆசிரியர்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2023 ஜனவரியில் ஒருநாள் ஏழாம் வகுப்பில் செய்தித்தாள் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். காசியிலிருந்து ‘கங்கா விலாஸ்’ என்ற சொகுசுக் கப்பல் புறப்பட்ட செய்தி அது. 51 நாள் பயணம். வங்கதேசம் வழியாக அசாமின் திப்ரூகர் வரை ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். பழைய நகரங்களையும் காடுகளையும் ஆற்றிலிருந்தே பார்த்துக்கொண்டு போகலாம். ஐரோப்பாவில் டான்யூப் ஆறு வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேட் என்று நான்கு தலைநகரங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது, அங்கேயும் இப்படிக் கப்பல்கள் உண்டு என்று சொன்னேன்.

ஒரு பையன் எழுந்தான். “டீச்சர், அது காசி, நம்மது தென்காசி. நம்ம ஆத்துல கப்பல் விட்டா எங்க போய்ச் சேரும்?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, “கடலுக்குப் போகும், உட்காரு” என்றேன்.

அன்று மாலை அந்தப் பதில் என்னை உறுத்தியது. ஆறு மலையில் தோன்றிக் கடலில் கலக்கும் என்று எத்தனையோ ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். ஆனால் நான் நாள்தோறும் பேருந்தில் கடக்கிற சிற்றாறு நேராகக் கடலுக்குப் போவதில்லை. அது தாமிரபரணியில் சேருகிறது. எந்த ஊரில் சேருகிறது என்று யாராவது கேட்டிருந்தால், வரைபடம் பார்க்காமல் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஆற்றங்கரைப் பள்ளியின் ஆசிரியருக்கே இந்த நிலை என்றால் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியுமா?

நம் ஆற்றில் கப்பல் ஓடாது. குறுக்கே அணைக்கட்டுகள் உண்டு. பாதி நாள் மணல்தான் தெரியும். படகு வேண்டுமென்றால் ஐந்தருவிச் சாலையில் உள்ள படகுக் குழாமுக்குத்தான் போக வேண்டும். அதனால் கரை வழியே போவது என்று முடிவு செய்தோம். தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் வாங்கி, வேன் பிடித்து, அருவியில் கூட்டம் குறைந்த ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம்.

புறப்படும் முன் வகுப்பில் ஒரு வேலை செய்தோம். சிற்றாற்றின் நீளம் சுமார் 80 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து 80 சென்டிமீட்டர் நூலைச் சுவரில் ஒட்டினோம். குற்றாலத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டரில் தென்காசிக்கு ஒரு முடிச்சு. “இவ்வளவுதானா நாம பாத்த ஆறு?” என்று ஒரு மாணவி கேட்டாள். அளவைப் பாடம் அங்கேயே முடிந்தது.

முதல் இடம் குற்றாலம். பிள்ளைகள் குளிக்க வந்த ஊர்தான். ஆனால் குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவில் கட்டப்பட்டது என்பதையோ, ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை கூப்பிடு தூரத்தில் இருப்பதையோ பலர் கவனித்ததில்லை. சித்திர சபையில் இறைவனே சுவரோவியமாக இருக்கிறார். அங்கே பிள்ளைகளைப் பேசாமல் பத்து நிமிடம் சுவரைப் பார்க்க மட்டும் சொன்னேன்.

அடுத்து மேலகரம். திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அந்நூலுக்காக மதுரை முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு நிலம் கொடுத்தார். அதற்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பாட்டெழுதி நிலம் பெற்றார் என்றதும் பிள்ளைகளுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

தென்காசியில் யானைப்பாலத்தருகே ஆற்றைப் பார்த்துவிட்டுக் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனோம். 1446-இல் பராக்கிரம பாண்டியன் கட்டத் தொடங்கிய கோயில். அவனுடைய கல்வெட்டு ஒன்று பிற்காலத்தவரிடம் வேண்டுகோள் வைக்கிறது. இந்தக் கோயிலில் பழுது ஏற்பட்டால் அதைச் சரிசெய்து காப்பவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்கிறான் அரசன். பின்னாளில் கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 1990-இல் குடமுழுக்கு நடந்தபோது சுமார் 180 அடி உயரத்தில் ஒன்பது நிலைக் கோபுரம் மறுபடி எழுந்து நின்றது. “ராஜா யார் கால்ல விழுந்தார் டீச்சர்?” என்று கேட்டார்கள். “நம்ம கால்லதான்” என்றேன்.

பிறகு கிழக்கே. வீரகேரளம்புதூரில் அனுமன் நதி வந்து சேருவதைப் பார்த்தோம். வழியில் ஓர் அணைக்கட்டில் இறங்கி, ஆற்று நீர் கால்வாயில் திரும்பிக் குளத்துக்குப் போகும் முறையைப் படம் வரைந்தோம். உக்கிரன்கோட்டையைக் கரவந்தபுரம் என்ற முற்காலப் பாண்டியர் கோட்டையூராக ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். மதுரை ஆனைமலையில் 770-இல் குடைவரைக் கோயில் எடுத்த அமைச்சர் மாறன் காரி அவ்வூர்க்காரர். கங்கைகொண்டானில் நான்குவழிச் சாலைப் பாலத்தின் கீழே அதே சிற்றாறு போகிறது. அந்த ஊர்ப்பெயரைக் கேட்டதுமே ஒரு பிள்ளை, “ராஜேந்திர சோழன்!” என்று கத்தினாள்.

மாலையில் சீவலப்பேரி. இங்கேதான் சிற்றாறு தாமிரபரணியில் சேருகிறது. முக்கூடல் என்று பழம்பெயர் பெற்ற இடம். முக்கூடற்பள்ளு இந்த மண்ணைப் பாடியது. மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கிவரும் வழியையும், வயலையும், மீனையும், நெல்வகையையும் சொல்லும் நூல். காலையில் குறவஞ்சி பிறந்த இடத்தில் இருந்தோம், மாலையில் பள்ளு பிறந்த இடத்துக்கு வந்துவிட்டோம். இரண்டையும் தமிழ் வகுப்பில் தனித்தனியாகத்தான் நடத்தி வந்தோம். இரண்டுக்கும் நடுவில் ஓடுவது ஒரே ஆறு என்பது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, “எங்கேருந்து வாரிய பிள்ளைகளா?” என்று கேட்டார். குற்றாலத்திலிருந்து என்றோம். “மேல அருவி விழுந்தா எங்களுக்குத் தண்ணி வரும்னு ஒரு நம்பிக்கை. ஆனா தண்ணியோட சேத்து நீங்க தூக்கிப் போடுத கவரும் பையும்லா வருது. அதையும் ஊர்ல போய்ச் சொல்லுங்க” என்றார்.

ஒரு விஷயத்தை இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காலையில் குற்றாலத்தில், கப்பல் கேள்வி கேட்ட அதே பையன் ஒரு சிப்ஸ் உறையை ஓடையில் மிதக்கவிட்டு, “கப்பல் கிளம்பிட்டு!” என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். நான் பார்த்தேன், வேடிக்கைதானே என்று விட்டுவிட்டேன். பாட்டி பேசி முடித்ததும் அவன் என்னைத்தான் பார்த்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்ததை வகுப்பில் சொன்னவள் நான். சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் அவன் குறிப்பேட்டில் எழுதியிருந்தது ஒரே வரி: “கப்பல் சீவலப்பேரிக்குப் போய்ச் சேரும்.” முந்தைய ஆண்டுச் சுற்றுலாவுக்குப் பிறகு இதே பிள்ளைகள் எழுதியது, “குற்றாலம் போனோம், குளித்தோம், வந்தோம்” என்பதுதான்.

இப்படிப் போக நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். தண்ணீரில் யாரையும் இறக்காதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது நமக்கெல்லாம் தெரியும். மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். சாரல் காலத்தில் போகவே வேண்டாம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் இடம் போதும். ஊருக்கு அருகிலுள்ள மதகோ படித்துறையோ பாருங்கள். பெரிய பிள்ளைகளானால் ஒவ்வோர் இடத்திலும் நான்கு செய்திகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: தண்ணீரின் நிறம், கரையில் நடக்கும் தொழில், அங்குள்ள பழைய கட்டடம், அந்த ஊர்க்காரர் சொன்ன ஒரு வார்த்தை. திரும்பி வந்ததும் நூலில் முடிச்சுப் போட்டு ஒவ்வொன்றையும் அதன் கீழே ஒட்டுங்கள்.

சிற்றாறு இல்லாத ஊரில் வேறோர் ஓடையோ கால்வாயோ இருக்கும். அது எங்கே போகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், “கடலுக்கு, உட்காரு” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் வகுப்புச் சுவரில் அந்த நூல் இன்னும் இருக்கிறது. ஐந்தாவது சென்டிமீட்டரில் தென்காசி. கடைசி முடிச்சின் கீழே அந்தப் பாட்டி சொன்னது.