மருண்ட குதிரை

நுவரெலியா ஏரிக்கரையில், பிள்ளைகளை ஏற்றி உலாவுவதற்கெனக் குதிரைகள் நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். என் மாணாக்கன் ஒருவனின் தந்தை அத்தொழிலால் பிழைப்பவர். கடன்பட்டு அவர் வாங்கிய நான்கு வயது இளங்குதிரை மிகவும் சாதுவானது. ஒருநாள் அதன் பின்புறத்தில் யாரோ கொளுத்திய சீனவெடி படபடவென வெடித்தது. அன்று முதல், தகரம் ஒன்று உருண்டாலும் மோட்டார்ச் சைக்கிள் ஒன்று உறுமினாலும் அக்குதிரை திமிறி ஓடத் தலைப்பட்டது. இத்தகைய குதிரையின் முதுகில் யார் தம் பிள்ளையை ஏற்றுவார்?

தந்தையார் சவுக்கை எடுத்தார். குதிரையின் மருட்சி இருமடங்காயிற்று. சித்திரைப் பருவகாலத்துக்கு மூன்று மாதங்களே இருந்தன. வந்த விலைக்கு அதனை விற்றுவிடுவதென அவர் முடிவுசெய்தார். அச்செய்தியைச் சொல்லும்போது அந்தச் சிறுவனின் குரல் தழுதழுத்தது.

எனக்குக் குதிரை வளர்ப்பில் பயிற்சி இல்லை. ஆயினும், கிரேக்க வரலாற்றைக் கற்ற நாளில் செனபோன் என்னும் போர்வீரரைப் பற்றிப் படித்ததுண்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். குதிரை ஒன்றைக் கண்டு அஞ்சினால், அதில் அச்சத்துக்கு இடமில்லை என்று மெல்ல உணர்த்த வேண்டும். அடித்து நெருங்கச் செய்தால், அடியின் வலியையும் அப்பொருளே தருகிறதென்று எண்ணி அது மேலும் அஞ்சும் என்பது அவர் கருத்து. அந்த வீட்டில் நிகழ்ந்ததும் இதுவன்றோ?

குதிரை அஞ்சுவது அதன் குற்றமன்று. புல்வெளியில் கொடிய விலங்குகளுக்கு இரையாகாது தப்பிப் பிழைத்த இனம் அது. முதலில் ஓடுவது, பின்னர் ஆராய்வது என்பதே அதன் இயற்கை. ஒவ்வொரு செவியையும் தனித்தனியே ஏறக்குறைய அரைவட்டம்வரை திருப்பவல்லது. மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள்வரையே கேட்கும். குதிரையின் செவியோ 30,000க்கும் மேற்பட்ட அதிர்வுகளையும் கேட்கும். நமக்கு எட்டாத கூரிய ஒலிகளும் அதற்கு எட்டுகின்றன.

முதலில் கால்நடை வைத்தியரிடம் காட்டச் சொன்னேன். திடீரெனத் தோன்றும் அச்சத்துக்குச் செவிநோயோ, கண்குறையோ, உடல் வலியோ காரணமாயிருக்கலாம். நோய் ஏதுமில்லை என்று அவர் கூறிய பின்னர், அவருடைய ஆலோசனைப்படி வேலை தொடங்கிற்று.

குதிரை கொள்ளுத் தின்னும் வேளையில், சிறுவனின் தமக்கை வெகு தொலைவில் நின்று, சிறுகற்கள் இட்ட பால்மாப் பேணி ஒன்றை மெல்லக் குலுக்குவாள். செவி திரும்ப வேண்டும். ஆனால் வாய் மெல்லுவதை நிறுத்தக் கூடாது. அதுவே அளவுகோல். தலை நிமிர்ந்து உடல் விறைத்தால், ஓசை மிகுந்துவிட்டதென்று பொருள், அவள் பின்வாங்குவாள். தலை தாழ்ந்து, கண் இமைத்து, மீண்டும் தின்னத் தொடங்கினால், மறுநாள் இரண்டடி முன்னே வருவாள். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். குதிரை அமைதியாயிருக்கும்போதே பாடத்தை முடிக்க வேண்டும். தந்தையார் அதன் பின்னே நில்லாது, தோளருகே நின்று, கயிற்றை இறுகக் கட்டாது கையிற் பிடித்திருப்பார். பேணி பழகிய பின்னர், வெடியோசையைக் கைத்தொலைபேசியில் தாழ்ந்த ஒலியில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள்.

இம்முறைக்கு ஆராய்ச்சியின் ஆதரவும் உண்டு. 2006ஆம் ஆண்டு வெளிவந்த டென்மார்க் நாட்டு ஆய்வொன்றில், 27 இளங்குதிரைகளை அசையும் வெள்ளை நைலான் பைக்குப் பழக்கினார்கள். அச்சந்தரும் பொருளை முழுமையாக ஒரேயடியாகக் காட்டுவதிலும், படிப்படியாகக் காட்டுவதே சிறந்த பலனைத் தந்தது.

இடையில் ஒருநாள் தந்தையார் அவசரப்பட்டுப் பேணியை அருகிலேயே குலுக்கிவிட்டார். ஒரு வாரத்து முயற்சி வீணாயிற்று. மீண்டும் வேலிக்கு அப்பாலிருந்து தொடங்க நேர்ந்தது.

சித்திரை வந்தது. அக்குதிரையை அவர் ஏரிக்கரைக்குக் கொண்டுசெல்லவில்லை. இன்னும் காலம் வேண்டும் என்றார். விற்கவுமில்லை. பழைய குதிரையின் உழைப்பில் வட்டியைக் கட்டினார். ஆவணியில் ஒருநாள் என்னை அழைத்துச் சென்று காட்டினார்கள். வீதியில் மோட்டார்ச் சைக்கிளொன்று வெடித்தாற்போல் ஓசையிட்டுச் சென்றது. குதிரையின் உடல் ஒருகணம் நடுங்கிற்று. ஆனால் அது ஓடவில்லை. திரும்பிச் சிறுவனின் முகத்தைப் பார்த்தது. அவன் அமைதியாக நின்றான், அதுவும் நின்றது.

நேயர்களே, வகுப்பில் எழுந்து நின்றும் நாவெழாது தவித்த பிள்ளைகளை, "உரக்கச் சொல்" என்று நான் அதட்டிய நாட்கள் உண்டு. அவர்களுள் எவருடைய குரலும் அதனால் உயர்ந்ததாக எனக்கு நினைவில்லை. இப்போது அத்தகைய பிள்ளையை என் மேசையருகே அழைத்து, எனக்கு மட்டும் கேட்கச் சொல்லுமாறு கூறுகிறேன். மறுநாள் இரண்டடி தள்ளி நிற்கிறேன்.