எந்த வேலை பிடிக்கும்னு கேட்கிறவர்களுக்கு



பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டுன்னு பேரு. பக்கத்துல அபிஷேகப்பட்டியில, 1990இல் தொடங்கின மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். இங்கே படிக்கிற நம்ம பிள்ளைகளிடம் என்ன வேலை பிடிக்கும்னு கேட்டால், வாத்தியார், போலீசு, ஏதாவது ஒரு கவர்மெண்ட் வேலை என்பார்கள். உடனே ‘விழிப்புணர்வு போதாது’ என்று எழுதிவிடுகிறார்கள்.

பிள்ளைகள் சொல்வது கணக்குப் போட்ட பதில். தமிழ்நாட்டு அரசு வேலையில் பட்டியல் சாதிகளுக்கு 18 விழுக்காடு. 2009 முதல் அதற்குள் அருந்ததியருக்கு 3. தனியார் கம்பெனியில் சட்டம் நமக்கு ஒரு இடமும் ஒதுக்கவில்லை. அங்கே வேலை காலியாகிற சேதி மாமன் மச்சான் வழியாத்தான் போகுது. நம்ம மாமன் வயக்காட்டுல நிக்காரு, அவருக்கு யாரு சொல்லுவா?

சாதி உழைப்பை மட்டுமல்ல, உழைப்பாளிகளையே கூறுபோடுகிறது என்று 1936இல் அண்ணல் அம்பேத்கர் எழுதினார். இன்னைக்குச் சேதியையும் கூறுபோடுது.

ஆகவே, தனியார் துறையிலும் இடஒதுக்கீடு கேட்டுப் போராடுவோம். வேலைக்குப் போன ஒவ்வொருவரும் சேரிக்குத் திரும்பி வந்து, எந்தப் பரீட்சை, எப்போ விண்ணப்பம்னு உட்கார்ந்து சொல்லணும். டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைக் கட்டணத்தில் நமக்கு விலக்கு உண்டு என்பதே தெரியாத வீடுகள் இருக்கு. முதல்ல அந்தக் கதவைத் தட்டுங்க. பிடித்த வேலை எதுன்னு அப்புறம் கேட்கலாம்.

ஜெய் பீம்!