கல்லூரி விழாவில் பிரார்த்தனை: இரண்டு அமெரிக்கத் தீர்ப்புகள்

நேரம் குறைவு, விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் டென்னசி மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிகல் இன்ஜினீயரிங் பேராசிரியர் ஒருவர். நம் நாட்டில் பிறந்த ஹிந்து. விழாக்களில் கிறிஸ்தவ ஜெபம் சொல்வதை ஆட்சேபித்தார். முதலில் ஏசுவின் பெயரை விட்டார்கள். 1993-ல், ஜெபமே வேண்டாம், சில விநாடி மௌனம் போதும் என்றார்கள். அந்த மௌனத்திலேயே கூட்டத்தில் பலர் உரக்க ஜெபம் சொன்னார்கள்! 1997-ல் அப்பீல் கோர்ட், பேராசிரியரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று அவர் வழக்கை ஏற்கவில்லை.

வர்ஜீனியா ராணுவக் கல்லூரி மாநில அரசுடையது. அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் வாசிக்கப்பட்டு வந்தது. முடியும்வரை மாணவர்கள் வாய் திறக்காமல் நிற்க வேண்டியிருந்தது. வேறொரு அப்பீல் கோர்ட் 2003-ல் இது கட்டாயமே என்றது. 2004-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரிக்க மறுத்துவிட்டது.

இரண்டாவதே எனக்குச் சரியாகப் படுகிறது. மேலதிகாரி எழுந்து நின்றால் கீழே உள்ளவன் உட்கார மாட்டான். அதற்கு சர்க்குலர் எதுவும் கிடையாது. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும்.

நம் அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிலையங்களில் சம்மதம் இல்லாமல் யாரையும் வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக்கூடாது என்கிறது. மைனர் என்றால் காப்பாளர் சம்மதம். நம்மவர் நடத்தும் கல்லூரிகள் அதை அட்மிஷன் சமயத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கலாம்.