கரிசல் மண்ணில் ஒரு கல்வி மகாநாடு



கல்வி ஆராய்ச்சியாளர்கள் ஆண்டுதோறும் கூடிக் கட்டுரைகள் வாசித்து, விவாதித்து, சர்க்காருக்குச் சிபாரிசுகள் அனுப்புகிறார்கள். அவர்களுடைய வித்வத்தையும் உழைப்பையும் மனமாரப் போற்றுகிறவன் நான். ஆயினும், எந்தப் பள்ளிக்கூடத்தைக் குறித்து அத்தனை சிந்தனையும் செலவாகிறதோ, அந்தப் பள்ளிக்கூடத்து வாசற்படியை அச்சபைகள் மிதிப்பது அரிதாக இருக்கிறதே என்னும் ஆற்றாமை எனக்கு நெடுநாளாக உண்டு.

அப்படி மிதித்த காலமும் நம் நாட்டில் இருந்தது. 1956ஆம் ஆண்டில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது நம் இளையரசனேந்தலுக்கு அண்டையிலுள்ள எட்டயபுரத்தில் அல்லவா? அந்நாளில் பொதுக்கல்வி இயக்குநராக விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள், 1958இல் கடம்பத்தூரில் தொடங்கி, பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகள் என்னும் பெரும் இயக்கத்தை நடத்தினார். பள்ளிக்கு என்ன குறை, கட்டடமா, பெஞ்சா, தேசப்படமா, ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையா என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து ஊரார் முன்னிலையில் வைக்க, உழவரும் வியாபாரியும் தத்தமக்கு இயன்றதை ஏற்றுக்கொண்ட அச்சபைகளில், கல்வி அதிகாரி கேட்பவராகவும் கிராமவாசி சொல்பவராகவும் இருந்தார்கள். இதைவிட மேலான ஆராய்ச்சி முறை ஒன்றை நான் அறியேன்.

இந்நாளிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2022இல் மாநிலக் கல்விக் கொள்கை வகுக்க ஓய்வுபெற்ற நீதிபதி த. முருகேசன் தலைமையில் குழு அமைந்தது. 2025 ஆகஸ்டில் அக்கொள்கை வெளிவந்தது. வானரமுட்டியில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இத்தகைய நிறுவனங்களின் வழியாக வகுப்பறை ஆசிரியரே செயலாராய்ச்சி செய்ய இடமும் உண்டு. ஆனால் அந்த ஆசிரியர் எழுதியதைப் பெரிய மேடையில் வாசிக்கக் கேட்பவர் எத்தனை பேர்?

இந்தப் பக்கத்து வருகைப் பதிவேடு ஒன்றை விரித்துப் பாருங்கள். தை பிறந்து, உளுந்தும் பாசிப்பயறும் வீடு வந்து சேரும் நாட்களில், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கிவிட்ட மூத்த பெண்ணின் பெயருக்கு நேரே வரிசையாக வராக்குறிகள் விழுந்திருக்கும். அவளுடைய பாட்டியின் தலைமுறையில், விடியுமுன் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போன சிறுமிகளின் பெயர்கள் பதிவேட்டில் ஏறாமலே போனதும் உண்டு. இடைநிற்றலைப் பற்றி நூறு பக்கம் எழுதும் அறிஞருக்கு, அந்தப் பதிவேட்டுப் பக்கத்தையும், அதை நாள்தோறும் எழுதும் ஆசிரியரையும், அந்தப் பெண்ணின் தாயையும் நேரே காட்ட வேண்டாமா?

ஆகவே சபையோர் முன்னிலையில் ஒரு பிரேரணை வைக்கிறேன். பல்கலைக்கழகத்துக் கல்வித் துறையினரும் பயிற்சி நிறுவனத்தாரும் தங்களுடைய அடுத்த கூட்டத்தை இளையரசனேந்தலில், பள்ளிக்கூடத்து மரத்தடியிலேயே நடத்த வேண்டும். முதல் கட்டுரையை இவ்வூர் ஆசிரியர் ஒருவர் வாசிக்க வேண்டும். களை எடுக்கப் போகும் தாய்மார்களும் வந்து கேட்கவும் பேசவும் ஏதுவாக, அது மாலை நேரத்தில் நடக்க வேண்டும். வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடும் பொறுப்பை ஊரார் ஏற்பீர்கள் என்று நம்பி, அழைப்புக் கடிதத்தில் முதல் கையெழுத்தை நான் இடுகிறேன்.